சூரியனை எங்க வைக்கிறது?

எனக்கு வரையத் தெரிந்த படம் ஒன்றே ஒன்று. இரண்டு முக்கோண மலை. நடுவில் அரைச் சூரியன், அதிலிருந்து குச்சி குச்சியாகக் கதிர். மலையடியில் கிளம்பி வளைந்து வளைந்து வந்து தாளின் கீழ் விளிம்பில் காணாமல் போகும் ஓர் ஆறு. கரையில் கூரை வீடு, வீட்டைவிட உயரமாக ஒரு தென்னை, மேலே நாலு காக்கை. காக்கைக்கு இரண்டு வளைவு போதும். அலகு, கால் என்று வீண் செலவு கிடையாது. ஐந்தாம் வகுப்பில் கற்றுக்கொண்ட இந்தப் படத்தைக் கூட்டுறவு வங்கியில் இருந்த காலம் முழுக்க நோட்டீஸ்களின் பின்பக்கத்தில் வரைந்து தள்ளி, ஒரு கோடு கூடாமல் குறையாமல் ஓய்வும் பெற்றேன்.

இதை நம்பித்தான் என் வீட்டம்மா குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில், “பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக் குடுக்க எங்க வீட்டுக்காரரு இருக்காருல்ல” என்று கையைத் தூக்கிவிட்டு வந்தாள். வந்து என்னிடம் சொன்ன காரணம் வேறு. “மே மாசம் பூராவும் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருக்கீங்க. கீழ போயி நாலு பிள்ளைகளோட உக்காந்தா கரண்டு பில்லாச்சும் குறையும்ல?”

மதுரையில் கோடை முகாமுக்குப் பஞ்சமே இல்லை. தமுக்கத்துப் பக்கம் காந்தி மியூசியத்தில் நடத்துகிறார்கள். அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கு ஜவகர் சிறுவர் மன்றம் என்று ஒன்று உண்டு; 5 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் எல்லாவற்றையும் முறையாகப் படித்தவர்கள் சொல்லித் தருகிறார்கள். புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. ஆனால் நாங்கள் இருப்பது மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால். 1999-ல் அந்த நிலையம் வந்தது. பூ மார்க்கெட், பழ மார்க்கெட், காய்கறி மார்க்கெட், ஆம்னி பஸ் நிலையம் என்று எல்லாம் இந்தப் பக்கமே இருக்கின்றன. ஊருக்குள் போகிற எதுவும் எங்கள் பக்கம் இறங்காமல் போவதில்லை. கலை மட்டும் எப்படியோ பைபாஸில் போய்விட்டது. மே மாத வெயிலில் பிள்ளையை வண்டியில் வைத்து நத்தம் ரோடு வரை கொண்டு போய் விட எங்கள் பெற்றோர்களுக்கு மனசில்லை. லிஃப்டில் இறங்கினால் முகாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கார் நிறுத்துமிடத்தில் ஜமக்காளம் விரித்தாயிற்று.

வாத்தியாராகிவிட்டோமே என்று நாலு விஷயம் படித்து வைத்தேன். கொர்ராதோ ரிச்சி என்ற இத்தாலியர் போலோஞா நகரத்தில் மழைக்கு ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கியிருக்கிறார். சுவர் முழுக்கப் பிள்ளைகளின் கிறுக்கல். மனுஷன் அதையே பார்த்துக்கொண்டு நின்று, பிற்பாடு 1887-ல் குழந்தைகளின் கலை பற்றி ஒரு புத்தகமே எழுதிவிட்டார். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் என்பவர், தான் குடியிருந்த வீட்டுக்கு எதிரே பலகை வேலியில் பையன்கள் வரைவதைப் பார்த்துப் பார்த்துச் சொக்கிப்போய், 1897-ல் குழந்தைகளுக்கென ஓவிய வகுப்பு ஆரம்பித்தார். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துக் கெடுக்காதே, அதுபாட்டுக்கு வளர விடு என்பது அவர் கட்சி. கற்றுக்கொடுக்கத் தெரியாதவனுக்கு இதைவிடத் தோதான கட்சி எங்கே கிடைக்கும்? அன்றைக்கே உறுப்பினராகிவிட்டேன்.

இந்த இரண்டு பேருமே சுவரையும் வேலியையும் பார்த்துத்தான் ஞானம் அடைந்தார்கள் என்பதைச் சாப்பிடும்போது வீட்டில் எடுத்துச் சொன்னேன். “போன தீபாவளிக்கு அடிச்ச பெயிண்டு ஹால்ல இருக்கு. அதுல எவனாச்சும் ஒரு கோடு இழுத்தான்னா நீங்க வெளிய நின்னு ஞானம் அடைஞ்சுக்கங்க” என்று பதில் வந்தது.

முதல் வகுப்பில் சிஷெக்கின் வழியில், “உங்களுக்கு என்ன தோணுதோ வரைங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். பிள்ளைகள் பரீட்சை அட்டையில் தாளைச் சொருகி, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, முனைப்பாக வரைந்தார்கள். வாங்கிப் பார்த்தால் அத்தனை தாளிலும் இரண்டு முக்கோண மலை, நடுவில் அரைச் சூரியன், ஆறு, கூரை வீடு, தென்னை. காக்கைகூட நாலுதான். நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய சொத்து ஊர்ப் பொதுச்சொத்து என்று தெரிந்ததில் எனக்குச் சற்று வருத்தம்தான். இதில் எந்தப் பிள்ளையும் கூரை வீட்டில் குடியிருந்ததில்லை. எல்லாம் லிஃப்டில் இறங்கி வந்தவை.

எங்கள் மொட்டை மாடியில் ஏறினால் வடகிழக்கே யானைமலை நிற்கிறது. நிற்கிறது என்ன, படுத்திருக்கிறது. சுமார் 4 கிலோமீட்டர் நீளத்துக்கு மொட்டைப் பாறை. எந்தப் பக்கம் முக்கோணம் என்று தேடினாலும் கிடைக்காது. அதன் அடியில் 8-ஆம் நூற்றாண்டில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை குடைந்தார்கள், மேலே சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கினார்கள். 2010 வாக்கில் அந்த மலையையே சிற்ப நகரமாக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் கிளம்பி, சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆட்கள் விடமாட்டோம் என்று நின்றதால் அடங்கிப் போனது. கையில் உளி இருந்தாலும் பென்சில் இருந்தாலும் பெரிய மனுஷர்களுக்கு ஒரு மலையைப் பார்த்துவிட்டுச் சும்மா வர முடிவதில்லை.

சும்மா பார்க்கத் தெரிந்தவர் ஒருவர் இந்த ஊரில் பிறந்தார். மனோகர் தேவதாஸ், 1936 முதல் 2022 வரை. மதுரையின் கோபுரத்தையும் தெருவையும் கருப்பு மையில் கோடு கோடாக இழைத்தவர். விழித்திரை நோயால் பார்வை வட்டம் வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டே வந்தபோதும், தெரிகிற கொஞ்சத்தை வைத்து நுணுக்கமாக வரைந்துகொண்டிருந்தார். எனக்குக் கண்புரை எடுத்து இரண்டு கண்ணும் பளிச்சென்று இருக்கிறது. எதிர் ஃபிளாட்டில் என்ன வெஞ்சனம் என்பதுவரை தெரிகிறது. மலை மட்டும் இரண்டு முக்கோணமாகத்தான் தெரிகிறது.

முட்டைக்கடைக்காரர் மகனைப் பிடித்துக் கேட்டேன். “ஏன்டா, நம்ம யானைமலை அம்புட்டுப் பெருசா இருக்கு. அதை வரையலாம்ல?”

அவன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். “அது ஒண்ணுதான தாத்தா இருக்கு. சூரியனை எங்க வைக்கிறது?”

இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. மறுநாள் விடிகாலை நேரிலேயே பார்த்துவிடுவது என்று மாடி ஏறினேன். யானைமலைக்கு வலதுபுறம் வானம் வெளுத்தது. சூரியன் மலையை எட்டிக்கூடப் பார்க்காமல், பக்கத்துக் குடியிருப்பின் மாடியில் இருக்கும் இரண்டு கறுப்பு சின்டெக்ஸ் தொட்டிகளுக்கு மத்தியில் கிளம்பியது. கச்சிதமாக நட்டநடுவில், பாதி மட்டும். என் ஐந்தாம் வகுப்பு வாத்தியார் பொய் சொல்லவில்லை! வீட்டம்மாவைக் கூவி அழைத்தேன். மேலே வந்தவள் சூரியனைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள். “வத்தலை மிதிக்காம நில்லுங்க.”

மலையை விட்டுத்தொலைத்துவிட்டு, பஸ் வரையச் சொன்னேன். அடடா! பேருந்து நிலையத்து ஹாரனில் தூங்கி ஹாரனில் விழிக்கிற பிள்ளைகள் அல்லவா? மாதிரிப் படம் எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரின் மகள் வரைந்த பஸ்ஸை நான் இன்னும் மறக்கவில்லை. முன்னால் ‘திருநெல்வேலி’ என்று போர்டு, அதன் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். பக்கவாட்டுத் தகரம் இருக்கிற இடத்தில் தகரமே இல்லை. உள்ளே இருப்பவர்கள் தலை முதல் செருப்பு வரை தெரிகிறார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு கட்டைப் பை, பைக்குள் கோழி, அதுவும் தெரிகிறது. இன்ஜின் பெட்டிமேல் பூ மூட்டை. கண்டக்டர் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில் சொருகியிருக்கிறார். சீட்டு பிடிக்க ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு ஒன்று. அதற்கு உரியவர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நானும் ஆயுள் முழுக்க அப்படித் துண்டு போட்டுவிட்டுத் தவித்தவன்தான். அந்த முகத்தை வரைய இரண்டு புள்ளியும் ஒரு கோடும் போதும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

வாத்தியார் என்ற முறையில் ஒரு குறையாவது சொல்ல வேண்டாமா? “பஸ்ஸுக்குள்ள இருக்கிறவுக கால் வெளிய தெரியுமா பாப்பா?”

“உள்ள கால் இருக்கும்ல தாத்தா?”

லூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் 1927-ல் இதைத்தான் ஒரு புத்தகமாக எழுதினார்: சின்னப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தங்களுக்குத் தெரிந்ததை வரைகிறார்கள். எட்டு ஒன்பது வயதுக்குப் பிறகுதான் கால் மறைய வேண்டும், தூரத்து வீடு சின்னதாக வேண்டும் என்ற கவலையெல்லாம் பிடிக்கிறது. அப்போதுதான் பல பிள்ளைகள் ‘எனக்கு வரைய வராது’ என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகின்றன. எனக்குப் பென்சிலைக் கீழே வைக்கும் மானமும் இல்லை, வேறு மலையைப் பார்க்கும் கண்ணும் இல்லை.

பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லலாம். டிராயிங் பீரியடு என்பது கணக்கு வாத்தியார் எப்போது வேண்டுமானாலும் வளைத்துப்போடக்கூடிய புறம்போக்கு நிலம். 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, தையல் என்று பல பாடம். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷா வருஷம் சென்னையில் போய் உட்கார்ந்தார்கள். மதுரைப் பக்கத்துக்காரர்கள் பஸ் ஏறியது எங்கள் மாட்டுத்தாவணியில்தான் இருக்கும். மலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜமக்காளத்தில் என்னை உட்கார வைத்திருக்கிறது காலம்.

அடுத்து அச்சுக் கலை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி போஸ்டர் கலரில் தொட்டுத் தாளில் ஒற்றினால் ஐந்து மூலைப் பூ விழும், நடுவில் விதையின் புள்ளிகளோடு. பாகற்காய்க்கு ஓரம் சுருக்கம் சுருக்கமாக வரும். வாழை மட்டையை வெட்டினால் பிறை வடிவத்துக்குள் கட்டம் கட்டமாக அறைகள். அந்த ஒரு துண்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் மீன் செதில், மயில் தோகை, ஓட்டு வீடு எல்லாம் போட்டுவிட்டார்கள். சந்தைப் பூவையும் விட்டுவைக்கவில்லை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியை ஃபெவிகால் போட்டு ஒட்டினால் சீக்கிரமே பழுப்பாகிவிடும். கோழிக்கொண்டைதான் கடைசிவரை நிறம் மாறாமல் நின்றது.

வெண்டைக்காய் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஃபிரிட்ஜிலிருந்துதான். ஒற்றி முடித்த காய்களைக் கழுவித் திரும்ப வைத்துவிட்டேன். வீண் செய்கிற ஆள் இல்லை நான். மத்தியானம் பொரியலில் ஒரு துண்டு கருநீலமாகக் கிடந்தது. டப்பாவை எடுத்து வந்து, நச்சுத்தன்மை இல்லாதது என்று எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன். “அப்ப நீங்களே சாப்பிடுங்க” என்று சட்டியோடு நகர்த்தி வைத்தாள். சாப்பிட்டேன். உப்புதான் கொஞ்சம் குறைச்சல்.

இப்போது பச்சைக் கிரேயான் விவகாரத்துக்கு வருகிறேன். கிரேயான் டப்பா வாங்கிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும்: முதலில் தீர்வது பச்சை, கடைசிவரை புதுக்கருக்கு அழியாமல் இருப்பது வெள்ளை. எங்கள் பிள்ளைகள் மலைக்குப் பச்சை, புல்லுக்குப் பச்சை, தென்னைக்குப் பச்சை என்று தேய்த்ததில் சீக்கிரமே முகாமில் பச்சை என்பதே இல்லாமல் போயிற்று. காகிதம் உரித்த நகக்கண் அளவுத் துண்டுகளுக்கு அடிதடி நடந்தது. சங்கப் பொருளாளரிடம் புது டப்பா கேட்டேன். “அதான் மத்த கலரெல்லாம் அப்படியே இருக்கே சார்” என்றார். அவரும் வங்கிக்காரர்தான், ஆனால் வேறு வங்கி.

சித்திரைத் திருவிழா முடிந்த சூடு ஆறவில்லை. கடைசி நாள் கண்காட்சிக்கு அழகர் ஆற்றில் இறங்குவதை வரையுங்கள் என்று சொல்லிவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகைக்குள் இறங்கும் அன்று மதுரை முழுக்கக் கேட்கும் கேள்வி, என்ன பட்டு? பெட்டிக்குள் பல நிறத்தில் பட்டு இருக்கும். பட்டர் பார்க்காமல் கையை விட்டு எடுப்பார். வந்த நிறத்துக்குத்தான் பலன். பச்சை என்றால் நாடு செழிக்கும். மஞ்சள் என்றால் மங்கல காரியம் கூடும். சிவப்பு என்றால் அமைதி கெடும். பெரும்பாலும் பச்சை வந்து எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறது.

மூன்றாவது மாடிப் பையன் அசத்தியிருந்தான். குதிரை ஓடுகிறது என்று காட்ட அதற்கு ஆறு கால் போட்டிருந்தான். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம், தலைகள் அதிகம், தலைகளைவிடச் செல்போன்கள் அதிகம். தோப்பரையில் தண்ணீர் பீச்சுகிறவர், மொட்டை போட்ட குழந்தை, சர்க்கரைச் செம்பு ஏந்திய பெண்கள் என்று யாரும் பாக்கி இல்லை. மலைக்கு இடமே இல்லை. அழகருக்கு மட்டும் சுத்தச் சிவப்பில் பட்டு.

கண்காட்சியன்று அதன் முன்னால் முதலில் வந்து நின்றது அவனுடைய அப்பத்தா. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏந்தம்பி, நீங்கதான வாத்தியாரு? பிள்ளை செகப்புப் பட்டு உடுத்திவிட்டிருக்கான், பாத்துக்கிட்டா இருந்தீக?” என்றார். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பச்சை தீர்ந்த கதையை நான் ஆரம்பித்தேன். பொருளாளர் சட்டென்று வேறு படத்தை ரசிக்கப் போய்விட்டார்.

பையன்தான் முன்னால் வந்தான். “நான் சும்மா போடல அப்பத்தா. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு டப்பாக்குள்ள கைய விட்டேன். செகப்புதான் வந்துச்சு.”

அப்பத்தா வாயடைத்துப்போனார். கூடியிருந்தவர்களுக்கும் மேற்கொண்டு பேச்சில்லை. முறைப்படி எடுத்த பட்டு. யார் என்ன சொல்ல முடியும்? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவரே ஒரு தீர்ப்புச் சொன்னார். “சரி, அழகரே எடுத்துக் குடுத்துட்டாரு. பலன் நாட்டுக்கு இல்ல. படத்தை எந்த வீட்டுல மாட்டுறாகளோ, அந்த வீட்டுக்கு.”

பையனின் அம்மா படத்தைத் தொடவில்லை. “சாரே வச்சுக்கட்டும், அவருதான சொல்லிக் குடுத்தாரு” என்றார். என் வீட்டம்மா, “எங்க வீட்டுல ஆணி அடிக்க எடம் இல்லைங்க, போன தீபாவளிக்குத்தான் பெயிண்டு அடிச்சோம்” என்றாள். படம் கைமாறிக் கைமாறி, கடைசியில் சங்க அறையில் செயலாளர் நாற்காலிக்கு மேலே மாட்டுவது என்று முடிவாயிற்று. அமைதி என்று ஒன்று அங்கே இருந்தால்தானே கெடுவதற்கு என்று யாரோ சொன்னார்கள். செயலாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பொதுக்குழு. தண்ணீர்த் தொட்டி கழுவும் கூலியில் ஆரம்பித்த பேச்சு, லிஃப்ட் பராமரிப்புக்குத் தாவி, கார் நிறுத்துமிடத்துத் தரையில் சிந்தியிருக்கும் போஸ்டர் கலருக்கு வந்தது. ஆசிட் போட்டுத் தேய்க்க ஆள் கூலி எவ்வளவு, அதைச் சங்கம் ஏற்பதா, சம்பந்தப்பட்டவர் ஏற்பதா என்று குரல்கள் ஏறின. பொருளாளர் பேரேட்டைத் திறந்து பேனாவோடு என்னைப் பார்த்தார். வாசல் பக்கத்து நாற்காலியில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா சுவரைக் கண்ணால் காட்டி, “நாந்தான் சொன்னேன்ல தம்பி” என்றார்.